வயது பத்தாதவள்

மேடையில் அம்மா மகளை அறைய வேண்டிய இடம் வந்துவிட்டது.

அம்மாவாக நடிப்பவள் மகள். மகளாக நடிப்பவள் அம்மா. வேஷத்தைக் கலைத்தால்தான் இந்தக் குடும்பத்தில் உறவுமுறை சரியாகும்.

இந்த இசை நாடகம் ஊர் ஊராகக் கிளம்பியபோது அம்மாவுக்கு நிஜமாகவே பதினெட்டு வயது. கதாநாயகிக்கும் பதினெட்டு. அப்புறம் அம்மாவுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, மூக்குக்கண்ணாடி வந்து, மூட்டுவலியும் வந்துவிட்டது. கதாநாயகி மட்டும் பதினெட்டை விட்டு நகரவே இல்லை. சுவரொட்டியில் இன்னமும் அந்தக் காலத்துப் படம்தான்.

காதலர்கள்தான் தாக்குப்பிடிக்கவில்லை. முதல் காதலன் தொப்பை விழுந்ததும் வில்லனானார், பல் விழுந்ததும் ராஜாவானார், இப்போது வாசலில் டிக்கெட் கிழிக்கிறார்.

தாயாக நடித்துக்கொண்டிருந்தவள் போன சுற்றுப்பயணத்தில் லாரி டிரைவரோடு போய்விட்டாள். நரைத்த டோப்பா மகள் தலையில் விழுந்தது. ஐம்பது வயதுக்காரிக்குத் தாயாகும் பாக்கியம் இருபத்துநான்கு வயதிலேயே அவளுக்குக் கிடைத்தது.

இன்றைக்கு மூன்றாவது வரிசையில் பெரிய நாடகக் கம்பெனி முதலாளி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கடல் கடந்து போகப்போகிற அவருடைய புது நாடகத்துக்குப் பாடி நடிக்க ஒரு பெண் வேண்டும்.

இந்த ஒரு தடவை மட்டும் வேஷத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று மகள் அம்மாவிடம் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

அம்மா கன்னத்தில் ரோஸ் பவுடரை அப்பிக்கொண்டே, தையல்காரர் முதல் விளக்குக்காரர் வரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“பதினெட்டு வயசுப் பொண்ணா நிக்கணும்னா ஒரு பக்குவம் வேணும்டி. உனக்கு இன்னும் வயசு பத்தாது.”

மேக்கப் அறையே சிரித்தது. மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழவும் முடியவில்லை. அழுதால் வரைந்த சுருக்கமெல்லாம் கலைந்துவிடும்.

இப்போது அதே அம்மா எதிரே, கருகருவென்ற டோப்பாவோடு, மூட்டுவலியை மறைத்துத் துள்ளிக்கொண்டு நிற்கிறாள்.

வழக்கமாக இந்த அறை சுத்தப் பொய். மகளின் கை கன்னத்தைத் தொடாமல் காற்றில் போகும். மேடை ஓரத்தில் டிரம்ஸ் வாசிக்கும் அப்பா அதே நொடியில் ஒரு தட்டுத் தட்டுவார். அம்மா சுருண்டு விழுவாள். ஈ ஓட்டுகிறாளா, அறைகிறாளா என்று பார்க்கிறவர்களுக்குக் கடைசிவரை சந்தேகம் தீராது.

மகள் கையை ஓங்கினாள்.

பளார்.

கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். மூன்றாவது வரிசை முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மகளுக்கு உள்ளங்கை எரிந்தது. பெற்றவளையே அறைந்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய் அப்பா பக்கம் திரும்பினாள்.

அவர் தட்டவே இல்லை. குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு, முன்பே தெரிந்தவர் போலக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது அவளுடைய பாட்டு. மகளை அடித்துவிட்ட தாய் மனம் உடைந்து பாடுவது. நாடகத்திலேயே மிக நல்ல பாட்டு அதுதான். அவளோ பாட்டை மறந்து அம்மா பக்கம் குனிந்தாள்.

காலடியில் அம்மா குப்புறக் கிடந்தாள். முகத்தை டோப்பா முடி மூடியிருந்ததால் உதடு அசைந்தது கூட்டத்துக்குத் தெரியவில்லை.

“இன்னைக்குத் தட்ட வேணாம்னு அப்பாகிட்ட நான்தான் சொல்லி வெச்சேன். கை பரவால்லடி. சீக்கிரம் பாடு, அந்த ஆளு உன் குரலையும் கேக்கட்டும்.”