தலைவரின் திமிங்கில மாலை

"பேர்கர் கடையில மாட்டிறைச்சி பொரிக்கிற கை, பிள்ளையாருக்கு மாலை கட்டலாமோ?"

கோவில் தலைவர் ஆனந்தராஜா எல்லோருக்கும் கேட்கத்தான் கேட்டார். தனுஷியா பூச்சரத்தைக் கீழே வைத்தாள். லண்டன் பிளேஸ்டோவில் கடை ஷிப்ட் முடித்து, முழுகித்தான் வந்திருந்தாள், பாவம்.

"பூ வாடும். இது வாடாது." தலைவர் தன் கழுத்து மாலையைக் கழற்றி ஐயரிடம் நீட்டினார். "திமிங்கிலப் பல்லு! நூற்றியெட்டு மணி. ஒன்லைனில தேடிப் பிடிச்சது. லண்டனிலேயே என்னட்டை மட்டும்தான் இருக்கு."

"பல்லோ..." ஐயர் இழுத்தார்.

"சங்கும் கடலில இருந்துதானே வருது? போடுங்கோ!"

தலைவர் சொன்னால் மறுபேச்சு ஏது? பிள்ளையார் பல் மாலையோடு பேஸ்புக்கில் ஏறினார்.

மூன்றாம் நாள் பொலிஸ் வந்தது. படத்தைப் பார்த்த யாரோ முறையிட்டிருந்தார்கள். திமிங்கிலப் பல்லை அனுமதிப் பத்திரமில்லாமல் வாங்குவது குற்றமாம்.

பாரிசிலிருந்து வந்து குடியேறிய தலைவருக்கு இங்கிலிஷ் ஓடாது. நன்றாகப் பேசும் நிர்வாகிகளுக்கெல்லாம் திடீரென்று வேலை வந்துவிட்டது. மொழிபெயர்க்க அகப்பட்டவள் தனுஷியா.

அலுவலக அறையில் அதிகாரி பூதக்கண்ணாடியால் மணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்தச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் பல்லில் இருக்காது. இது எலும்பு. மாட்டெலும்பு. கேஸ் இல்லை."

சிரித்துக்கொண்டே காருக்கு நடந்தார்.

அதிகாரியின் இங்கிலிஷில் 'கௌ' என்ற அந்த ஒரு சொல் மட்டும் தலைவருக்கு நன்றாக விளங்கியது. மாடு! மூன்று நாளாகப் பிள்ளையாரின் கழுத்தில்!

"பிள்ளை, ஓடிப்போய் அவரைக் கூப்பிடு. திமிங்கிலம் எண்டே எழுதச் சொல்லு. ஃபைன் எவ்வளவெண்டாலும் கட்டுறன்!"

அதற்குள் வெளியில் நின்ற சனம் அறைக்குள் வந்துவிட்டது.

"என்னவாம் தங்கச்சி? என்ன பல்லாம்?"

தனுஷியா தலைவரைப் பார்த்தாள். அவர் மாலையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார்.

"பல்லே இல்லையாம் அன்ரி. வெறும் பிளாஸ்ரிக்காம்."

சனம் கொல்லென்று சிரித்தது. தலைவர் அதைவிடச் சத்தமாகச் சொன்னார்:

"ஓம், ஓம், பிளாஸ்ரிக்தான்! பிள்ளையாருக்கு மாலை கட்டுற பிள்ளை பொய் சொல்லுமோ?"