வீட்டுக்காரியின் ஜெபம்

இன்னும் இரண்டே பேர். அப்புறம் அவள் முறை.

கண்ணை மூடி ஜெபத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே அவள் மட்டும் விழித்துக்கொண்டிருந்தாள்.

வேறு வீடாக இருந்தால் டீ போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் நழுவியிருப்பாள். போன மாதம் அப்படித்தான் தப்பித்தாள். அதற்கு முந்தின மாதம் இருமல் கைகொடுத்தது.

இந்த மாதக் கூட்டம் அவள் வீட்டில். பெண்கள் சங்கம் யார் வீட்டில் கூடுகிறதோ, அந்த வீட்டுக்காரிதான் முடிவு ஜெபம் செய்ய வேண்டும்.

சொந்த வீட்டை விட்டு எங்கே ஓடுவது?

மகள் பிரிஸ்கில்லாவை அடக்கம் பண்ணின நாளிலிருந்து அவள் ஜெபிக்கவில்லை.

யாருக்கும் தெரியாது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனாள். பாட்டுக்கு வாயசைத்தாள். எல்லோரோடும் தலை குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் அப்படியில்லை. 'பிதாவே' என்று வாயெடுக்கும் முன்னே ஆண்டவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும். வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் அவரிடம் சொல்வாள்.

இப்போது மகளும் இல்லை, அவரும் இல்லை. ராத்திரி அழுகிற அழுகையில் பாதி அவருக்காகத்தான். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

தங்கபுஷ்பம் ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவள் ஜெபம் லேசில் முடியாது. மந்திரிமார், அதிகாரிகள், எல்லையில் நிற்கிற ராணுவம், ஒருவரையும் விடமாட்டாள். மற்ற நாளில் கேட்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போகும். இன்றைக்கு உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வரட்டும் என்றிருந்தது.

"ஆமென்."

அதற்குள்ளாகவா?

அடுத்தவள் இன்னும் மோசம். இரண்டு வரியில் முடித்துவிட்டாள்.

அறை அவளுக்காகக் காத்திருந்தது.

ஒரு ஜெபம் தயாராகத்தான் வைத்திருந்தாள். கூடி வந்தவர்களுக்காக ஸ்தோத்திரம், தேவசெய்திக்காக ஸ்தோத்திரம், ஆமென். மூச்சைப் பிடித்துக்கொண்டால் ஒரே ஓட்டமாக ஓடிவிடலாம்.

செய்தி கொடுத்தவர் ஐயரம்மா, போதகரின் மனைவி. சின்ன வயது. ஊருக்குப் புதிது. யாத்திராகமத்திலிருந்து பேசினார். வனாந்தரத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் மோசேயிடம் சண்டைக்குப் போனதையும், கன்மலையிலிருந்து தண்ணீர் வந்ததையும் வாசித்தார். முறுமுறுக்கக் கூடாது, அது ஆண்டவருக்குக் கோபமூட்டும் என்று முடித்தார்.

"ஆண்டவரே," என்றாள் அவள்.

நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"அத்தன பேருக்கும் தண்ணி குடுத்தீரே. எம்புள்ள ஒரு வாய் தண்ணிதான கேட்டா."

தங்கபுஷ்பத்தின் 'ஸ்தோத்திரம்' பாதியில் நின்றது.

"ஆப்பரேஷன் முடியட்டும், தாரேன்னு சொன்னேன். உம்ம நம்பித்தான சொன்னேன். ஈரத்துணியால உதட்ட மட்டும் தொடச்சிவிட்டேன். அதோட போயிட்டா. அன்னைக்கு நீரு எங்க போயிருந்தீரு?"

ஆமென் வரவில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ வளையலை மணிக்கட்டுக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்கள்.

சங்கத்திலிருந்து அவள் பேரை எடுப்பார்கள். எடுத்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஆண்டவரிடமே சண்டைக்கு நின்றாயிற்று. இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது? ஏதோ ஒரு நாள் பழையபடி ஆகிவிடும் என்று மனசின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஆசையையும் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள்.

ஐயரம்மா வேதாகமத்தைத் திறந்தார்.

கண்டிக்கிற வசனம் ஒன்று வரப்போகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. ஐயரம்மாவின் விரல் மட்டும், முன்னே வாசித்த தண்ணீர்க் கதையின் மேல் வரிவரியாக இறங்கியது. பக்கத்தின் அடிவரைக்கும் போயிற்று. மறுபடி மேலே வந்து, இன்னும் மெதுவாக இறங்கியது.

"அவருக்குக் கோபம் வந்ததுன்னு இதுல எங்கயும் இல்லையே," என்றார் ஐயரம்மா.

யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தைப் பார்த்துச் சொன்னார். காது மடல் சிவந்திருந்தது.

பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க இன்னும் ஆமென் சொல்லல."

அதட்டல் இல்லை. வேதாகமத்தை மூடி மடியில் வைத்துவிட்டு, ஐயரம்மா தலை குனிந்தார். தங்கபுஷ்பம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் குனிந்தார்கள். எழுந்து போக யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"இன்னும் இருக்கு," என்றாள். "கேளும்."