மோர்னிங்சைடுக்கு வந்த பெருமாள்

"மணக்குதோ இல்லையோ, நீங்களே சொல்லுங்கோ!" என்றார் செல்வரட்ணம்.

மணக்கத்தான் செய்தது. மோர்னிங்சைடில் இருந்த அவருடைய வீட்டில் இன்னும் ஊதுபத்தி கொளுத்தவில்லை, பூவும் வைக்கவில்லை. ஆனாலும் வெள்ளித் தட்டில் இருந்த அந்தச் சுருள் கல்லிலிருந்து ஏதோ பூவின் வாசம் வீசியது. வந்திருந்தவர்கள் கண்ணை மூடிக் கை கூப்பினார்கள்.

ஜப்பானில் ஒரு நாட்டுப்புறத்து வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போன மனிதர், அங்கே ஓடிய ஆற்றில் சாளக்கிராமம் கண்டெடுத்து வந்திருக்கிறார். பெருமாள் என்று கும்பிடுகிற கல். வந்திருக்கும் கோயில் ஐயர் பார்த்து, "உண்மையானதுதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல் கோயிலுக்குப் போகும், கோயிலின் தலைவர் பதவி செல்வரட்ணத்திடம் வரும். ஆண்டவனைக்கூடச் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

இப்போதைய தலைவர் பத்மநாதன் சோபாவின் நுனியில் இருந்தார். போன வருடம் கோயிலுக்குப் பெரிய மணி வாங்கிக் கொடுத்துத் தலைவரானவர். மணியைக் கல் வென்றுவிடுமோ என்று அவருக்கு வயிறு எரிந்தது.

"எப்பிடியண்ணை எடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"அங்க உடுப்பில்லாமத்தான் குளிக்கவேணும். ஒரு சின்னத் துவாய் தருவாங்கள், அவ்வளவுதான். சூடு தாங்கேலாமல் ஆத்துக்கரைக்கு வந்திட்டன். பாத்தா, கரை முழுக்கச் சுருள் கல்லு. அதில ஒண்டு என்னை வா எண்டு கூப்பிட்டுது."

"உடுப்பில்லாமலோ பெருமாளைக் கண்டனீங்கள்?"

"இருந்த துவாயைப் பெருமாளுக்குச் சுத்தினன்" என்றார் செல்வரட்ணம் பெருமையாக. தனக்கு எதைச் சுற்றினார் என்று யாரும் கேட்கவில்லை.

கல் எடுக்கக்கூடாது என்று அங்கே படம் போட்டுப் பலகையும் நட்டிருந்தார்களாம். "அவங்களுக்கு உதின்ர அருமை தெரியுமே? ஹொட்டேல் கடையில உதே வடிவத்தில பிஸ்கட்டும் சாவிக்கொத்தும் செய்து விக்கிறாங்கள். பெருமாளே கூப்பிடேக்க, பலகை என்ன செய்யும்?"

"எடுக்க வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்றார் தேநீர் கொண்டுவந்த மனைவி பேபி. இந்த நாட்டுக்கு அகதியாக வந்து இறங்கிய நாளில் எயர்ப்போட்டில் மறித்து வைக்கப்பட்டவர் அவர். இத்தனை வருடம் கழிந்தும், பெட்டி சோதிக்கிற ஆட்களைக் கண்டால், கேட்கமுன்னமே பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிவிடுவார்.

"உவவுக்கு எல்லாத்துக்கும் பயம்! நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு வந்தனான். ஒருத்தனும் பெட்டியில கை வைக்கேல்லை. ஆர் அவங்கட கண்ணை மறைச்சது? பெருமாள்!"

மாடியிலிருந்து இறங்கிவந்த மகள் கௌசி தட்டை எட்டிப் பார்த்தாள். "அப்பா, தட்ஸ் ஜஸ்ட் எ ஃபொசில். எந்தக் காலத்திலயோ செத்த கடல் நத்தை."

பத்மநாதனுக்கு உயிர் வந்தது. "கேட்டியளே ஐயா? நத்தையாம்! நத்தையைக் கொண்டுபோய்க் கோயிலில வைக்கிறதோ?"

ஐயர் கையை உயர்த்தினார். "சாளக்கிராமமும் அப்பிடிக் கல்லாகிப் போன உயிர்தான். அதுக்குள்ள சக்கரம் இருக்கோ எண்டதுதான் கேள்வி." கல்லைத் தூக்கிப் பார்த்தார். "பாரமே இல்லையே?"

"அங்க நல்ல பாரமாத்தான் இருந்தது ஐயா. வீட்டை வந்து துவாயை அவிழ்த்தால், இந்தளவுதான். எங்கட வீட்டுப் பாவத்தையெல்லாம் எடுத்துக் கரைச்சிருக்கு."

பாவம் எப்படிப் பாரத்தைக் குறைக்கும் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. ஐயர் மட்டும் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருடைய முகம் மலர்ந்தது.

"இவ்வளவு வடிவான சக்கரத்தை நான் கண்டதில்லை. அபிஷேகம் செய்து எல்லாருக்கும் தீர்த்தம் குடுப்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில வைச்சுச் சொல்லுறன்."

பத்மநாதனின் முகத்தில் ஈயாடவில்லை. செல்வரட்ணத்துக்கு அதுவும் போதவில்லை. "முதல் தீர்த்தத்தைத் தலைவருக்கே குடுங்கோ ஐயா. பழைய தலைவருக்கு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பேபி சிரிக்கவில்லை. "தண்ணி வேண்டாம் ஐயா. பூவை மட்டும் போடுங்கோ" என்றார்.

"பேபி, சும்மா இரும்."

"ஈரம் படக்கூடாதப்பா."

"பாற்கடலில படுத்திருக்கிறவர் ஈரத்துக்குப் பயப்பிடுவாரே?" இதற்கும் சிரிப்பு எழுந்தது.

"பொம்பிளையள் பெருமாளுக்கு இரங்கிறது நல்லதுதான்" என்று ஐயரும் சேர்ந்துகொண்டு செம்பைக் கையில் எடுத்தார். பத்மநாதன் வேறு வழியில்லாமல் எழுந்துவந்து உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். செல்வரட்ணம் அதைத் தன் போனில் படம் எடுக்கத் தொடங்கினார்.

செம்பு சரிந்தது. பேபி பாய்ந்து தட்டை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தண்ணீர் முழுவதும் கம்பளத்தில் கொட்டியது.

"விசரே உமக்கு?" என்று கத்தினார் செல்வரட்ணம். "பெருமாளைத் தாரும்!"

பேபிக்கு அழுகை முட்டியது. வந்திருந்தவர்களைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், கடைசியில் புருசனைப் பார்த்தார்.

"பெருமாளை நான் அண்டைக்கே திருப்பி ஆத்தில விட்டிட்டன். உது ஹொட்டேல் கடையில வாங்கின, குளிக்கிற வாசச் சவுக்காரமப்பா!"