அமோனியாவில் எத்தனை அணு?

“பிராணவாயு மூலக்கூறுல எத்தனை அணு?”

“ரெண்டுங்க” என்றான் ஆதிகேசவன்.

“ஹீலியம்?”

“ஒண்ணுதாங்க. அது யாரோடயும் சேராது.”

“கரியமில வாயு?”

“மூணுங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரசாயனம் படித்தவர்தான் வேண்டும் என்று இந்த வில்லியனூர் வீட்டில் ஒரே பிடிவாதம். படித்ததாகச் சொல்லிக்கொண்டு வந்த இரண்டு பேர் கேள்விகளுக்கு வாய்க்கு வந்ததை உளறிவிட்டுத் திரும்பிப்போன கதை நெட்டப்பாக்கம் வரை பரவியிருந்தது.

“அமோனியா?”

ஆதிகேசவன் விழித்தான்.

“இன்னாடா முழிக்கிற? எதையாவது சொல்லுடா. இந்த எடம் கைவுட்டுப் போயிடும்!” என்று மாமா காதைக் கடித்தார்.

ஆதிகேசவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“படிச்சேங்க. இப்ப மறந்துபோச்சி. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மனசு வரலை. நீங்களே சொல்லிடுங்க.”

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

“நாலு” என்றது எதிரே இருந்த குரல். அதில் சிரிப்பு கலந்திருந்தது. “அப்பா, எனக்குச் சம்மதம்.”

அப்பா பெருமூச்சு விட்டு வெற்றிலைத் தட்டை மாமாவின் பக்கம் நகர்த்தினார். பிரெஞ்சுப் பள்ளியில் ரசாயனத்தில் முதலாவதாகத் தேறிய விசாலாட்சி, பெண் பார்க்க வந்தவனிடம் காபி டம்ளரை நீட்டினாள்.

“என்னை நீங்க ஒண்ணும் கேக்கலையே?”

“கேக்கணுங்க” என்றான் ஆதிகேசவன். “கல்யாணத்தை வர்ற தையிலயே வெச்சிக்கலாமா?”