அழித்த பாட்டு

பென் டிரைவைச் செருகியதுமே தீனதயாளனுக்குத் தெரிந்துவிட்டது, முழுசாகத் தேறாது.

அழிந்துபோன ஃபைல்களை மீட்டுக் கொடுக்கும் கடை அவனுடையது, கேளம்பாக்கத்தில். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டான்லி, மறைமலைநகரில் ஒரு கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறவர். மகள் ரெஜினா சர்ச்சில் பாடியதையெல்லாம், அப்பா வண்டியில் கேட்கட்டும் என்று அவளே இதில் போட்டுக் கொடுத்திருந்தாள். மனிதர் அத்தனையையும் அழித்துவிட்டு சினிமாப் பாட்டாக நிரப்பி வைத்திருந்தார்.

இப்போது அந்தக் குரல் வேண்டுமாம். வேறு எங்கேயும் இல்லையாம்.

எல்லாரும் செய்கிற கூத்துதான். அழித்ததோடு விட்டிருந்தால் அலுங்காமல் எடுத்துக் கொடுத்திருப்பான். அதன் தலைமேலேயே குத்துப் பாட்டை ஏற்றினால் கடவுளே வந்தாலும் கஷ்டம்.

கம்ப்யூட்டர் தேடிக்கொண்டிருந்தது. ஸ்டான்லி திரையைப் பார்க்கவில்லை. காக்கிச் சட்டையின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

தீனதயாளன் ஒரு டீயை வரவழைத்து அவர் முன்னால் வைத்தான். போய்ச் சேர்ந்தவர்களின் படத்தையும் குரலையும் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு மரத்துப் போயிருந்தது. கடை போட்ட புதிதில் கூடவே அழுதிருக்கிறான். இப்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பதோடு சரி.

பாட்டு ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசியில் ஒரே ஒரு துண்டு கிடைத்தது. யாரோ கைதட்டும் சத்தம், அப்புறம் மூச்சு வாங்க ஒரு பெண் குரல்: “அப்பா, நல்லா பாடுனனா?”

அவ்வளவுதான்.

ஸ்டான்லி ஹெட்போனில் கேட்டார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினார். மறுபடியும் காட்டினார். டீ ஆறி ஆடை கட்டியது.

வழக்கமாகக் கேட்பதைத் தீனதயாளன் கேட்டுவைத்தான்.

“பொண்ணு எப்பண்ணே தவறிச்சு?”

ஸ்டான்லி ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை விலக்கினார்.

“தவறலப்பா, கூடுவாஞ்சேரில கீது. அதுவா ஒருத்தன கட்டிகினு வந்து நின்னுச்சு. இனிமே என்ன அப்பான்னு கூப்புடாதன்னு சொல்லிட்டேன். என் கம்பெனிலதான் அதுக்கும் வேல. தெனம் காலைல என் வண்டிலதான் ஏறுது, எறங்குது. கூப்புடறதே இல்ல.”

சொல்லிவிட்டு ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டார். இன்னொரு தடவை போடச் சொல்லி விரலைக் காட்டினார்.