ஆலியாவைக் காணவில்லை

"நம்ம வாதத்துல ஒரே ஒரு ஓட்டைதான் பாய். அதை அடைச்சிட்டா எதிர்த்தரப்பு வாயே திறக்க முடியாது!" என்றாள் வக்கீல் இளவேனில்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பொய்ச் செய்திகளுக்குக் கடிவாளம் கேட்டு அவள் போடப்போகும் முதல் வழக்கு. அதற்காகத்தான் பாலக்கரையில் ஜெகபர் அலியின் வீடு தேடி வந்திருந்தாள்.

"இன்னும் என்னம்மா ஓட்டை? முக்கொம்புல தண்ணியில போன பிள்ளை, மூணாம் நாள் ஜீயபுரத்துல மையத்தா ஒதுங்குச்சு. அடக்கம் பண்ணி ஆறு வருஷமாச்சு. இன்னும் 'ஆலியாவைக் காணவில்லை'ன்னு போட்டோவோட சுத்துது. என் பழைய நம்பருக்குத் தினம் போன் வருது. என்னால தாங்க முடியலைன்னு அந்த போனை என் வீட்டுக்காரிகிட்டயே கொடுத்துட்டேன்."

"பரப்புறது யாருன்னு கோர்ட்ல கேட்பாங்களே! வெள்ளிக்கிழமைதோறும் ஒரே நம்பர்லேருந்துதான் புதுசா கிளம்புது. கூப்பிட்டா எடுக்கிறதில்லை. எந்தப் பாவியோ, மாட்டட்டும், விடமாட்டேன்!"

உள்ளே போன் அடித்தது. அவர் மனைவி ஜெஸிமா ஓடிப்போய் எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணே... ஸ்ரீரங்கம் போற பஸ்லயா? ஆமா, பத்து வயசுதான்... சிரிச்சிட்டு இருந்தாளா? ஜன்னலோரமா உட்கார்ந்திருந்தாளா? ஏதாச்சும் சாப்பிட்டாளாண்ணே?"

பேசி முடித்து அவள் வந்து உட்கார்ந்ததும் இளவேனில் கேட்டாள். "பிள்ளை இல்லைன்னு சொல்லிடலாமேக்கா."

"மெனக்கெட்டுக் கூப்பிடுறாங்க. எப்படிம்மா சொல்றது?" ஜெஸிமா போனை மடியில் வைத்துக்கொண்டாள். "போன வாரம் ஒருத்தர், தில்லை நகர்ல ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருந்தாள்னார். அவளுக்கு ஐஸ்கிரீம்னா உசுரு."

ஜெகபர் அலி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேஸ் ஜெயிச்சா போன் வர்றது நின்னுடுமாம்மா?" என்று கேட்டாள் ஜெஸிமா.

"கண்டிப்பா. அப்புறம் ஒண்ணுகூட வராதுக்கா!"

"ஒண்ணுகூடவா?"

ஐயோ பாவம், நம்பக்கூட முடியவில்லை என்று நினைத்தாள் இளவேனில். இந்தத் தாய்க்காகவாவது ஜெயித்தே தீரவேண்டும். பேனாவைத் திறந்தாள்.

"மனுவுல உங்க பேரையும் சேர்க்கிறேன்க்கா. உங்க சொந்த நம்பரைச் சொல்லுங்க."

ஜெஸிமா கணவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வோர் எண்ணாகச் சொல்லி முடித்தாள்.

இளவேனில் எழுதவில்லை. அந்த நம்பர் அவள் ஃபைலின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஏற்கெனவே இருந்தது.