எட்டாவது மெழுகுதிரி

ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி காலையில் ஜெசிந்தா விழிஞ்ஞத்துக் கல்லறைத் தோட்டத்தில் எட்டு மெழுகுதிரி ஏற்றுவாள். ஏழு, குடும்பத்துக் கல்லறைகளுக்கு. எட்டாவது, தாத்தாவின் அப்பாவான சந்தியாகுவின் தகப்பனுக்கு.

அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. யாரோ வெள்ளைக்காரத் துரை என்று வீட்டில் பெருமையும் வெட்கமும் சரிபாதியாகச் சொல்வார்கள். ஜெசிந்தா லீவு போட்டு அலைந்து 1887-ஆம் வருஷத்து ஞானஸ்நானப் பதிவேட்டைக் கண்டுபிடித்தாள். சந்தியாகுவின் பெயருக்கு நேரே தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தின் அடியில் அதை எழுதிய கோயில் உபதேசியார் மரியநாயகத்தின் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

கல்லறை தெரியாதவர்களுக்குப் பெரிய சிலுவையடியில்தான் திரி வைப்பது வழக்கம். அங்கேதான் அவளும் எட்டாவதை வைப்பாள். செபம் முடித்துக் கண் திறந்தால் அது சந்தியாகுவின் கல்லறையில் எரிந்துகொண்டிருக்கும். வருஷம் தவறியதில்லை.

இந்த முறை காவலர் கிளமெண்டிடம் கேட்டுவிட்டாள்.

"நான் தொடல்ல சேச்சி. வேற ஆரும் இன்னும் வரல்லியே."

ஜெசிந்தா தரையைப் பார்த்தாள். மணலில் அடிக்கொரு சொட்டு மெழுகு விழுந்திருந்தது. சொட்டுகள் சிலுவையடியிலிருந்து வடக்குச் சுவரோரம் போய், ஒரு பழைய கல்லறைமேல் குளமாகத் தேங்கி, அங்கிருந்து சந்தியாகுவிடம் வந்திருந்தன.

அந்தப் பழைய கல்லறைமுன் மண்டியிட்டு, நகத்தால் மெழுகைச் சுரண்டினாள். இன்னும் சூடு ஆறவில்லை. அடியில் பெயர் தெரிந்தது.

உபதேசியார் மரியநாயகம்.